கையைக் கட்டச் சொன்ன மழைக்காலம்

என் வயதுப் பெண்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு முழங்கால் வலியில் தொடங்கி, பேரப்பிள்ளை இன்னும் பேசவில்லையே என்பதில் வந்து நிற்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். என் பேரனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. நாலைந்து சொல்தான் வருகிறது. மருமகள் பயந்துபோய்ப் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவிடம் காட்டினாள். முதலில் காதைச் சோதித்தார்களாம். காதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதை மருமகள் வந்து என்னிடம் ஒப்பித்தாள்.

"அவன் எதைப் பாக்குறானோ அதைப் பத்திப் பேசணுமாம் மாமி. முகத்துக்கு நேரா உக்காந்து சொல்லணுமாம். சொல்லிட்டுப் பொறுத்திருக்கணுமாம். வாய் தொறக்காம கைய நீட்டிக் காட்டினாலும் அதுவும் பேச்சுதானாம். உடனே பதில் சொல்லணுமாம்."

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் கை நின்றுவிட்டது. கையை நீட்டிக் காட்டினாலும் அதுவும் பேச்சுதான். எங்கள் வீட்டில் அன்றைக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கலாம். காரைக்காலில் கடைத்தெருவுக்குப் பின்னால், எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய சந்தில் எங்கள் வீடு. உம்மா, நான், தம்பி. வாப்பா வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போது போனவர். வீட்டுக்கு ஆண்துணை என்றால் வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பாதான். பக்கத்து வீடு. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. சாயந்திரம் கடையைச் சாத்திவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடற்கரை வரை போய்விட்டு வருவார். திரும்பும்போது அவன் கையில் சுண்டலோ பஞ்சுமிட்டாயோ இருக்கும். நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்த நேரத்தில், விடுமுறையில் ஊர் வந்த ஒருவரிடம் வாப்பா ஒரு டேப் ரெக்கார்டரும் தான் பேசிய ஒரு கேசட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். கறுப்புப் பெட்டி, வெள்ளிப் பொத்தான்கள், தூக்கிக்கொள்ள ஒரு பிடி. மூடியைத் திறந்தால் புது பிளாஸ்டிக் வாசனையும் வாப்பா உடுப்புகளோடு சேர்த்துக் கட்டியதால் அத்தர் வாசனையும் கலந்து வரும். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலருக்கும் அந்தக் காலத்தில் கேசட்தான் கடுதாசி. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். பெரியவாப்பா பொத்தானை அமுக்கினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? நான் இங்க நல்லா இருக்கேன்." வாப்பா குரல் எங்கோ குடத்துக்குள்ளிருந்து வந்தது. யார் யாரையோ விசாரித்தார். மழை எப்படி என்று கேட்டார். கடைசியில், "தம்பி இப்ப ஓடியாடுவான்ல? இதுல அவன் கொரலைப் புடிச்சு அனுப்புங்க. வாப்பான்னு ஒரு தடவ கூப்பிடச் சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றார்.

உம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அவன் அதுவரை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. வெளிநாட்டில் தனியாகக் கிடக்கிற மனிதருக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று அதை வாப்பாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பேசாதவன் என்கிறேனே தவிர, அவன் சும்மா இருந்த பிள்ளை இல்லை. அவனிடம் இரண்டு கைகள் இருந்தன. தலைமேல் துணி இழுத்துப் போடுவதுபோல் நெற்றியிலிருந்து கையைப் பின்னால் கொண்டுபோனால் உம்மா. காற்றில் சடையைப் பிடித்து இழுத்தால் நான். தோளைத் தட்டினால் பெரியவாப்பா. மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினால் கருவாடு. கட்டைவிரலை வாயில் சாய்த்தால் தண்ணீர். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளைக் காட்ட, தலையில் கூடையைப் பிடித்தாற்போல் கைகளை வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டி நடப்பான். அந்த அம்மாளே கூடையை இறக்கி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். கூடவே தொண்டையிலிருந்து புறா குனுகுவது மாதிரி ஒரு சத்தம் அவனுக்கு உண்டு. சந்தோஷமானால் அது வரும்.

நானும் உம்மாவும் அவனோடு அதே கைகளால்தான் பேசினோம். யோசித்துச் செய்ததில்லை. அவன் காட்டுவான், நாங்கள் திருப்பிக் காட்டுவோம், அவ்வளவுதான். வாப்பாவுக்கு மட்டும் அவனிடம் ஒரு சைகையும் இல்லை. பார்த்த நினைவே இல்லாத ஆளுக்கு அவன் எதைக் காட்டுவான்?

காது பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கதவைப் படாரென்று சாத்தினால் திரும்புவான். இடி இடித்தால் உம்மா மடிக்கு ஓடிவருவான். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்றிருந்துவிட்டோம்.

கேசட் கேட்ட அன்றைக்கே பெரியவாப்பா முடிவு செய்துவிட்டார்.

"தப்பு உம்மேலதாம்புள்ள" என்றார் உம்மாவிடம். "அவன் வெரலச் சாய்ச்சா நீ தண்ணி குடுக்குற. மூக்கப் புடிச்சா கருவாடு சுட்டுக் குடுக்குற. அப்புறம் அவனுக்கு வாய் எதுக்கு?"

உம்மா கதவை ஒட்டி நின்றபடி, "சின்னப்புள்ளதானே மச்சான்" என்றாள்.

"இப்ப விட்டா எப்பத் திருத்துறது? நாளைக்கு அவன் வாப்பா வந்து நின்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? இனிமே கைய ஆட்டுனா யாரும் எதுவும் தரக் கூடாது. கையக் கட்டச் சொல்லு. வாயத் தொறந்து கேக்கச் சொல்லு. பசி வந்தா பேச்சு தானா வரும்."

முதலில் வசம்பு வந்தது. பிள்ளை வளர்ப்பான் என்று நாம் சொல்வோமே, அதைச் சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்து அவன் நாக்கில் தடவினார்கள். காரம் தாங்காமல் துப்புவான். சில நாளில் தேன் பாட்டிலைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொண்டான்.

பிறகு தண்ணீர்ப் பாடம். பெரியவாப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கையில் எவர்சில்வர் தம்ளரை வைத்துக்கொள்வார். தம்பி எதிரில் நின்று கட்டைவிரலை வாயில் சாய்ப்பான். அவர் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து மார்பின் குறுக்கே கட்டி வைப்பார்.

"கையக் கட்டு. அப்புடித்தான். தண்ணின்னு சொல்லு. தண்ணி."

தம்பி அவர் வாயையே பார்ப்பான். பிறகு தன் உதடுகளையும் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டுவான். சத்தம் வராது.

"பாத்தியா! வாய அசைக்கிறான். சத்தத்த உள்ளேயே அடக்கிக்கிறான். அவ்வளவும் அடம்!"

அவன் மறுபடி கட்டைவிரலை உயர்த்துவான். அவர் மறுபடி கட்டிவிடுவார். கடைசியில் அழுகை வரும். அழுகையிலும் வார்த்தை இருக்காது. உம்மா உள்ளே போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் எழுந்து போன பிறகு ஓடிவந்து தண்ணீரைக் குடிக்க வைப்பாள். ஆனால் அவளும் மெல்ல மெல்ல அவன் கைகளைப் பார்க்காததுபோல் இருக்கத் தொடங்கினாள். வாப்பா கேட்ட அந்த ஒரு கூப்பாட்டை அனுப்பிவிட வேண்டும் என்ற தவிப்பு அவளுக்கும் இருந்தது. "அவன் கையப் பாக்காத, முகத்தத் திருப்பிக்க" என்று என்னிடமும் சொல்லிவைத்தாள்.

மழை வலுத்து, சந்தில் கணுக்கால் தண்ணீர் நின்ற நாட்களில் தம்பியின் கைகள் ஓய்ந்துவிட்டன. கருவாடு இல்லை, மீன்கார அம்மாள் இல்லை, காற்றில் என் சடையை இழுப்பது இல்லை. புறாச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. தாகம் எடுத்தால் மண்பானைக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். யாராவது பார்க்கும்வரை அப்படியே நிற்பான்.

"அடங்கிட்டான்" என்றார் பெரியவாப்பா. "இனி பேச்சு வந்துரும்."

அவனுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அந்த ரெக்கார்டர்தான். வாப்பா கேசட்டைப் போட்டால் ஓடிவந்து பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொள்வான். கண்ணை மூடிக்கொள்வான். பெற்றவர் குரலில் பிள்ளை உருகுகிறது என்று தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு மத்தியானம் உம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. வாப்பா பேசி முடித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் அதற்குமேல் ஒன்றும் பதிவாகவில்லை. வெறும் நாடா சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி கன்னத்தை எடுக்கவில்லை. வாப்பா பேசும்போது எப்படிச் சிரித்தானோ அதே சிரிப்பு.

உம்மாவின் கையில் முறம் நின்றது. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எழுந்து அவன் முதுகுப் பக்கமாக வந்து மறுபடி கூப்பிட்டாள். காதுக்குப் பக்கத்தில் வளையல்களைக் குலுக்கினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு அவள் கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினாள். அந்தக் கணமே அவன் துள்ளி எழுந்து பெட்டியைத் தட்டினான்.

குரல் நின்றபோது எழாதவன், சக்கரம் நின்றதும் எழுந்துவிட்டான். கன்னத்தில் அதிர்ந்ததைத்தான் அவன் இத்தனை நாளும் கேட்டிருக்கிறான்.

உம்மா அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "தண்ணின்னு சொல்லு, தண்ணின்னு சொல்லுன்னு உயிர எடுத்தோமே" என்றாள். "அந்தத் தண்ணியே அவனுக்குக் கேக்கலியேடி."

சாயந்திரம் பெரியவாப்பா வந்ததும் அவரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. பின்னால் நின்று கைதட்டினார். கடைக்கு ஓடிப்போய் எடுத்துவந்த வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார். கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்ததில் எங்களுக்குத்தான் காது அடைத்தது. தம்பி சுவரில் ஏறும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவாப்பா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு வந்து அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து நீட்டினார்.

தம்ளரைப் பார்த்ததும் தம்பி அவசரமாகக் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டான். உதடுகளைத் திறந்து மூடினான். சரியாகச் செய்துவிட்டோமா என்று அவர் முகத்தைப் பார்த்தான்.

பெரியவாப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மழை ஓய்ந்ததும் உம்மாவும் பெரியவாப்பாவும் அவனைப் புதுச்சேரிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். வரிச்சிக்குடி வயல்களில் இன்னும் வெள்ளம் வடியவில்லை. பஸ் ஜன்னலில் தம்பி மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தான். பிறவியிலேயே போனதா, கைக்குழந்தையில் வந்த காய்ச்சலில் போனதா, சொல்ல முடியாது என்றார் டாக்டர். இடிபோன்ற பெரிய சத்தம் அதிர்வாகத் தெரியும், பேச்சு கேட்காது என்றார். கருவி மாட்டினால் கொஞ்சம் பலன் இருக்கலாம்.

வீட்டில் பேசப் பழக்குவது எப்படி என்று அங்கே ஒரு அம்மா உம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள், அவன் கையை எடுத்து உங்கள் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், ஒரே வார்த்தையைப் பொருளோடு காட்டித் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். எல்லாம் சொல்லிவிட்டு, "கை ஜாடை மட்டும் ஆகவே ஆகாது. அது பழகிட்டா வாய் வராது" என்றார்.

உம்மா, "அப்ப, கையக் கட்டச் சொன்னது சரிதானுங்களா?" என்று கேட்டாள்.

எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று அந்த அம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை. "ஆமாம்மா, சரிதான்" என்றார். அந்தக் காலத்தில் பல இடங்களில் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

உம்மா அதை வேதம்போல் பிடித்துக்கொண்டாள். அடுக்களை வேலை முடிந்ததும் ஜன்னலோரம் அவனை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, "ப்பா" என்பாள். காகிதம் படபடக்கும். அவன் சிரிப்பான். அவள் தொண்டையில் ஒரு கை, தன் தொண்டையில் ஒரு கை. வாப்பா வீட்டுச் செலவுக்கு அனுப்பிய காசில் கருவி வந்தது. சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். மாட்டினால் பிய்த்து எறிவான், அவள் மறுபடி மாட்டுவாள். தம்ளர், பூனை, சோறு என்று ஒவ்வொன்றையும் அவன் முன்னால் வைத்து, முகத்துக்கு நேராகச் சொல்லுவாள், பொறுத்திருப்பாள். சொல்வதற்குள் அவன் கை தவறிப்போய் எழுந்தால், மெதுவாகப் பிடித்து இறக்கிவிடுவாள். அடிக்கவில்லை, அதட்டவில்லை. அந்தக் கையை முத்தமிட்டுத்தான் இறக்குவாள்.

வாப்பா என்ற சொல்லைப் பழக்கச் சுவரில் இருந்த வாப்பாவின் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு காலம் ஆனது என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் தம்பி படத்தில் விரலை வைத்து, "ஆப்பா" என்றான். மூக்கால் வந்த, உருண்டு திரண்ட ஒரு சத்தம். வேறு யாருக்கும் அது வார்த்தையாகத் தெரிந்திருக்காது. உம்மா அதை ரெக்கார்டரில் பிடித்து அனுப்பினாள். காது கேளாத விவரத்தையும் அதே கேசட்டில் சொன்னாள். "ஆப்பான்னு கூப்பிட்டுட்டான்ல, அது போதும். மிச்சத்த நான் வந்து பாத்துக்குறேன்" என்று வாப்பா பதில் அனுப்பினார்.

அடுத்த வருஷம் வந்தார். தம்பி வாசலில் சாக்கடை ஓரம் குந்தி ஓடுகிற தண்ணீரில் இலைகளை விட்டுக்கொண்டிருந்தான். வாப்பா சந்து முனையிலேயே நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்தில் வந்து கூப்பிட்டார். பிறகு உரக்கக் கூப்பிட்டார். எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. விவரம் எல்லாம் தெரிந்தவர்தான். தெரிந்தும் கூப்பிட்டார்.

"தொட்டுக் கூப்பிடுங்க" என்றாள் உம்மா உள்ளிருந்து.

தோளைத் தொட்டார். தம்பி திரும்பி, தெரியாத ஒரு ஆளைப் பார்த்தான். வாப்பா தன் மார்பில் கைவைத்து, "வாப்பா... சொல்லு, வாப்பா" என்றார். தம்பி அந்த உதடுகளை உற்றுப் பார்த்தான். முகம் மலர்ந்தது. தெரிந்த சொல்! அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். சுவரில் இருந்த படத்துக்குக் கீழே நிறுத்தினான். படத்தைச் சுட்டிக்காட்டி, "ஆப்பா" என்றான். சொன்னது சரிதானே என்று உம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

வாப்பா கையிலிருந்த பயணப்பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. படத்தில் இருப்பவர்தான் இவர் என்று சொல்ல ஒரு கையசைவு போதும். அந்த வீட்டில் அதைச் செய்ய எல்லோருக்கும் பயமாக இருந்தது.

வாப்பா திரும்பிப் போவதற்குள் ஒரு ஏற்பாடு செய்தார். காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரத்தில். இங்கே அவனுக்குப் படிப்பு இல்லை, வேறு வழியும் இல்லை. அவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சோறு என்று சொல்லத் தெரியும், பூனை என்று சொல்லத் தெரியும். விட்டுவிட்டுப் போகிறோம், லீவுக்கு வந்து கூட்டிப்போவோம் என்பதற்கு எந்தப் பொருளை எடுத்து அவன் முன்னால் வைப்பது?

அந்தப் பள்ளிக்கூட வாசலில் உம்மா மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். "உம்மா வருவேன். உம்மா வருவேன். வருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தொண்டை அடைத்துக் குரல் வரவில்லை. அதற்குப் பிறகும் உதடுகள் அசைந்தன. தம்பி அவள் தொண்டையைத் தடவிப் பார்த்தான். ஏன் அதிரவில்லை என்பதுபோல் பார்த்தான்.

பெரியவனான பிறகு ஒருமுறை அவனிடம் அதைப் பற்றி எழுதிக் கேட்டேன். "என்னை அவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்று எழுதிக் காட்டினான். பிறகு நான் வருத்தப்படக் கூடாது என்று என் கன்னத்தைத் தட்டினான்.

அவன் வாழ்க்கை வீணாகிவிடவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்தான். அவனைப் போலவே கேளாத ஒரு பெண்ணைக் கட்டினான். பிள்ளைகள் இருவரும் நன்றாகக் கேட்பவர்கள், கையாலும் பேசுபவர்கள். உம்மா மவுத்தாகிக் கண்மூடும்வரை அவனோடு பத்து இருபது வார்த்தைக்குமேல் பேசியதில்லை. அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு மறக்காதது அவன் முதல் லீவுக்கு வந்த அன்றைக்குப் பகல் சாப்பாடு. வகுப்பில் அங்கேயும் வாயால்தான் பாடம். ஆனால் விடுதியில், விளையாட்டுத் திடலில், பெரிய பிள்ளைகளிடமிருந்து அவனுக்கு ஒரு பேச்சு கிடைத்திருந்தது. உம்மா சோற்றுக்கு இறால் ஆணம் காய்ச்சியிருந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். தம்பி சோற்றைத் தொடாமல் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். கைகள் பறந்தன. விரல்கள் ஒன்றை ஒன்று தொட்டு, பிரிந்து, வட்டமிட்டு, நெஞ்சில் தட்டி, நாங்கள் அறியாத என்னென்னவோ உருவங்களாயின. இடையில் அவனே சிரித்தான். இடையில் பயந்தவன்போல் கண்ணை விரித்தான். புறாச் சத்தம் வந்தது. அது ஒரு பெரிய கதை. அதில் யாரோ விழுந்தார்கள், யாரோ ஓடினார்கள், அவ்வளவுதான் எங்களுக்குப் பிடிபட்டது.

"என்னடி சொல்றான்?" என்று உம்மா என்னைக் கேட்டாள்.

"தெரியலும்மா."

அவன் உம்மா முகத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பெரியவாப்பா முகத்தைப் பார்த்தான். கைகளை இறக்கினான். தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான்.

கதையைச் சொல்லி முடித்துவிட்டானா, பாதியில் நிறுத்திவிட்டானா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.